முதுகில் அடிக்கும் சோளகம்

அன்புள்ள தம்பிக்கு,

குறிகட்டுவானில் அந்தப் பழைய டாட்டா லொறி கொதித்து நிற்கிறது, தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தும் சரிவரவில்லை, இனி ஹெட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். கழற்றாதே. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, சாரதியோடு இருந்து ஒரு பிளேன்ரீ குடி. எங்கே கொதித்தது, எப்போது கொதித்தது என்று அவரைக் கேள்.

இறங்குதுறையில் நெடுந்தீவுக்கான சீமெந்தை இறக்க, எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்றபோது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் குறை காற்றில் இருக்கிறது. பெல்ற் தளர்ந்திருக்கும், அல்லது றேடியேற்றரின் செதில்கள் உப்புக்காற்றில் பச்சை பூத்து உதிர்ந்திருக்கும். பண்ணைப் பாலத்தில் பாரத்தோடு வேகமாக வரும்போது ஏறி, மெல்லப் போனால் தணிகிறதென்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பார். குழாய்கள் அடைபட்டிருக்கும், வோட்டர் பம்பின் இதழ்களைத் துரு தின்றிருக்கும், அல்லது கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அந்த ஹோஸ் லொறி நிற்கும்போது நல்லாகத்தான் தெரியும். ஒருவரை அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்.

எங்கே, எப்போது என்ற கேள்வியைக் கேளாததால் நான் செய்த பிழையை உனக்குச் சொல்ல வேண்டும். ஓர் ஆடி மாதம், பழைய இரும்பு ஏற்றி யாழ்ப்பாணம் திரும்பும் லொறி ஒன்று வாணர் பாலத்தில் நாள்தோறும் கொதித்தது. நான் ஹெட்டை இறக்கி காஸ்கற் மாற்றினேன். அடுத்த நாளும் அதே இடத்தில் கொதித்தது. குறிகட்டுவானுக்குப் போகும்போது பாரம் இருந்தும் ஏன் கொதிப்பதில்லை என்று பிறகுதான் யோசித்தேன். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். குறிகட்டுவான் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்குப் பக்கம் என்பதால், போகும்போது அது றேடியேற்றரின் முகத்தில் அடிக்கிறது. திரும்பும்போது முதுகில். லொறியின் வேகமும் காற்றின் வேகமும் ஏறத்தாழ ஒன்றானால் றேடியேற்றருக்குள் தானாகப் புகும் காற்று இல்லை. முழு வேலையும் ஃபானின் தலையில். அந்த லொறியில் ஃபானைச் சுற்றியிருக்க வேண்டிய தகரக்கூட்டை யாரோ கழற்றி வீசியிருந்தார்கள். கூடு இல்லாத ஃபான் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக்காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. தகரம் வெட்டிக் கூடு அடித்தோம், கொதிப்பு நின்றது. அந்த ஏழைச் சாரதி காஸ்கற்றுக்குக் கொடுத்த காசு இன்றும் என் மனதில் கிடக்கிறது.

தீவில் தண்ணீரை மறக்கவே கூடாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றில் வருவது கல்லைக் கரைத்த தண்ணீர், பல இடங்களில் சவரும் சேர்ந்தது. வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எஞ்சினுக்குள்ளும் படியும். உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் குழி விழத் தின்னும். கொதித்த லொறிக்குப் பக்கத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றுவது அன்றைக்கு உதவும், ஆனால் ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துவிடு. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து மூடி வை. கூலன்ரோடு கலந்து விடு. அடைபட்ட பித்தளை றேடியேற்றரை மேல்தொட்டி கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம். சூடு ஓரளவு ஆறிய பின் உள்ளங்கையால் தடவு. ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

றேடியேற்றர் மூடியையும் பார். 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 111 பாகை அளவுக்கு உயர்த்தும். றப்பர் வெடித்த மூடியோடு அது 100இலேயே கொதித்துவிடும். சூட்டில் மூடியைத் திறக்காதே. கை வெந்த பொடியன்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீற்றரின் முள்ளையும் முழுக்க நம்பாதே. தண்ணீர் வற்றி உணரி வெறுமையில் நின்றால் முள் கீழே கிடக்கும், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்.

ஹெட்டைக் கழற்றுவதற்குச் சாட்சி வேண்டும். எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து வைத்து ஸ்ரார்ட் செய். ஓயாமல் குமிழி வந்தாலோ, டிப்ஸ்ரிக்கில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலோ கழற்று.

தேர்மோஸ்ரற்றை எறிந்ததற்கு உன்னைக் குறைசொல்ல மாட்டேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் உதிரிப்பாகம் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. பழுதானதைக் கழற்றி வீசிவிட்டு ஓடுவது அன்று எங்களுக்கு வழியாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. ஆனால் தேர்மோஸ்ரற் இல்லாத எஞ்சின் சூடேறத் தாமதித்துத் தேயும், டீசலையும் கூடக் குடிக்கும். சில எஞ்சின்களில் குறுக்குவழியை மூடுவதும் அதுதான். அதை எடுத்தால் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, கொதிப்பு இன்னும் கூடும்.

எறிந்த இடத்தில் தேடி எடு. நூலில் கட்டி, அடி தொடாமல் பானைத் தண்ணீரில் தொங்கவிடு, பக்கத்தில் வெப்பமானியை வை. அதன் மேல் பொறித்திருக்கும் பாகையில் திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்து எழுது. லொறி போகும்போது கொதித்ததா, வரும்போதா என்பதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்