பழைய கம்ப்யூட்டரில் ரேம் தகராறா? ரப்பரை எடுங்கள்!

சிபியூவில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது. மானிட்டர் மட்டும் இருட்டு. போதாக்குறைக்கு 'பீப்... பீப்...' என்று ஓயாத சத்தம். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள். பல நேரம் ரேம் கெட்டிருக்காது. ஸ்லாட்டில் சரியாகப் பதியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

1. 'மெமரி போச்சு' என்றதும் கல்யாண போட்டோவெல்லாம் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். அவை இருப்பது ஹார்டு டிஸ்க்கில். ரேம் என்பது சமையல் மேடை, ஹார்டு டிஸ்க் சாமான் அலமாரி. ஆனாலும் ரேமில் கோளாறு இருக்கும்போது சேமிக்கிற ஃபைல்கள் பழுதாகக்கூடும். சரியாகும்வரை முக்கிய வேலை எதையும் அதில் செய்யாதீர்கள்.

2. நீலத் திரை வந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு எரர் காட்டுவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது, சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பாதியில் நிற்பது ஆகியவையும் ரேம் கோளாறின் அறிகுறிகள். தேதியும் நேரமும் மட்டும் மாறிப்போனால் ரேமைத் தொட வேண்டாம். மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும்.

3. திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். நைலான், பாலியஸ்டர் உடுத்திக்கொண்டு இந்த வேலை வேண்டாம், பருத்தியே நல்லது.

4. கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலெழும்பும். ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது.

5. பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் வெள்ளை பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை இருபுறமும் மெதுவாகத் தேயுங்கள். மங்கலாக இருந்தவை பளிச்சென்று ஆகும். மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பரும் உப்புத்தாளும் கூடவே கூடாது. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல், தள்ளிவைத்துத் தட்டிவிடுங்கள்.

6. ஸ்லாட்டில் உள்ள தூசிக்கு, உலர்ந்த மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஈரத்துணியும் வேண்டாம்.

7. திரும்பப் பொருத்தும்போது ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்டு, கிளிப் தானாக மூடிக்கொள்ளும். டக் கேட்காவிட்டால் சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம்.

8. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் தகராறு செய்தால் ரேம்தான் குற்றவாளி. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் தகராறு என்றால், அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிடுங்கள்.

9. சத்தமே இல்லாமல் இருட்டாக இருக்கிறதா? ரேம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது பீப் கேட்டால் மதர்போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று தெம்பு கொள்ளலாம். உள்ளே குட்டி ஸ்பீக்கர் இருந்தால்தான் இது பலிக்கும்.

10. கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் சந்தேகம் தீரவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள். இன்னும் கறாராகச் சோதிக்க, மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடலாம். ஒரு எரர் வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

11. 8 ஜிபி போட்டும் 4 ஜிபிக்கு உள்ளேயே காட்டுகிறதா? உங்கள் விண்டோஸ் 32 பிட் ஆக இருக்கலாம். வீட்டு உபயோகத்துக்கான 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிதான் உச்சவரம்பு.

12. புதிது வாங்கியே தீர வேண்டுமென்றால் பழைய ரேமைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள்தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, வோல்டேஜும் வேறு (1.8, 1.5). ஒன்றின் இடத்தில் மற்றதை அமுக்கினால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் நீளம் குறைந்தது, டெஸ்க்டாப்பில் பொருந்தாது.

ஆயுத பூஜைக்குச் சிபியூவுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். இந்த வருடம் அதன் பக்கத் தகட்டையும் கழற்றி, உள்ளே தூசி தட்டிவிட்டுப் பொட்டு வையுங்கள்.