நல்ல நடைக்கு வழிகாட்டும் நூல்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பேச்சில் மொழிகள் கலந்தாலும் கேட்பவர் குறிப்பால் பொருளுணர்வர். உணராவிடின் மீண்டும் வினவுவர். எழுத்துக்கு அவ்வசதி இல்லை. தெருவுக்குக் குடிநீர் வேண்டி விடுக்கும் விண்ணப்பத்தில் கருத்துக் குழம்பினால், படிக்கும் அலுவலர் நம்மைத் தேடிவந்து விளக்கம் கேளார். நம் குறையும் தீராது. ஆதலின், தெளிவுற எழுதக் கற்றல் எல்லார்க்கும் இன்றியமையாததாம்.

எழுதும் முறையைக் கற்பிக்கும் நூல்கள் இன்று பல உள. அவற்றுள் பயன் தருவதை எவ்வாறு தெரிந்தெடுப்பது? இவ்வினாவுக்கு விடை கூறும் பழைய நூலொன்று இவ்வெல்லைப் பகுதிக்கு அயலது அன்று. அதுவே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். அதனை இயற்றுவித்தவன், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த சீயகங்கன் என்னும் சிற்றரசன். குவளாலபுரத்துக் கங்கர் மரபினன் அவன். அக்குவளாலபுரமே ஓசூருக்கு வடகிழக்கே, கருநாடகத்தில் உள்ள கோலார்.

நன்னூல் எழுத்திலக்கணமும் சொல்லிலக்கணமும் உரைப்பது. எனினும், அதன் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும், வேண்டிய அழகுகள் பத்தையும் தொகுத்துக் கூறுகின்றது. வேண்டியதைக் குறைத்தல், வேண்டாததை மிகுத்தல், கூறியதையே திரும்பக் கூறல், முன்னுக்குப்பின் முரணல், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்தல் ஆகியன குற்றங்களுட் சில. சுருக்கம், தெளிவு, முறையான வைப்பு, விளக்கமான எடுத்துக்காட்டு ஆகியன அழகுகளுட் சில.

மாணவர்களே! இவற்றையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். நூலகத்தில் உரைநடை பற்றிய நூலொன்றைக் கையிலெடுத்தால், இரண்டு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். சுருங்க எழுதுமாறு அறிவுறுத்தும் நூல் தானே நீட்டி முழக்குகின்றதா? விதியை மட்டும் கூறி, எடுத்துக்காட்டுத் தாராது செல்கின்றதா? அங்ஙனமாயின் அதனை இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ போன்று, எடுத்துக்காட்டுகளால் விளக்கிச் செல்லும் நூலை நாடுங்கள்.

நூலைத் தெரிந்தெடுத்தல் பாதிப் பணியே. சென்ற வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையைக் கையிலெடுத்து, அப்பத்துக் குற்றங்களுள் எவை அதில் உள்ளன என்று நோக்குங்கள். பிழைபட்ட வாக்கியத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். ஒரு வாக்கியமேனும் அவ்வாறு திருந்துமாயின், நீங்கள் தெரிந்தெடுத்தது நல்ல நூலே.