"இல்லை" என்று கடிதம் வந்தால் கோர்ட்டு எதைப் பார்க்கும்?



வேலைத்தலத்தில் அடிபட்டு, இனி பழைய வேலையைச் செய்ய முடியாது என்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்காக நட்டஈடோ காப்புறுதிப் பணமோ கேட்டு எழுதுகிறோம். மாதக்கணக்கில் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் கடிதம் வருகிறது. "உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி. "பெரிய இடத்துல இல்லைன்னு சொல்லிட்டாங்க, இனி நாம என்னா செய்யிறது?" என்று அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. அந்த "இல்லை" சரியா பிழையா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். சரிபார்க்கும் நீதிபதி நம் லயத்துக்கு வந்து நம் கஷ்டத்தைப் பார்ப்பதில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு கோவை மட்டுமே. அந்தக் கோவையில் என்ன இருக்கிறதோ அதுதான் நம்முடைய வாய். இதுவே இந்த மாதப் பாடம்.

"இல்லை" என்று சொன்னது யார்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் நாம் தட்ட வேண்டிய கதவும் மாறும்.

1. தோட்ட நிர்வாகம் அல்லது வேறு முதலாளி. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்வது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நிர்வாகம் மறுத்தால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிடலாம். அவர் இரண்டு பக்கத்தையும் விசாரித்துக் கட்டளை இடுவார். 2022இல் வந்த திருத்தத்தின்படி, வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துக்கும் நட்டஈடு கேட்கலாம். நட்டஈட்டின் உச்ச அளவும் 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்ந்தது. கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். "தோட்டத்தை விட்டுப் போயாச்சு, நமக்கு ஒண்ணும் இல்லை" என்று அவர்கள் நினைக்கக் கூடாது.

2. அரசாங்க நிதியம். ஊழியர் சேமலாப நிதியில் ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது என்பது பணம் எடுக்கும் பொது விதி. ஆனால் நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாமல் போய்விட்டது என்று வைத்தியர் சான்று கொடுத்தால் அந்த வயதுக்கு முன்னரே எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் நிரந்தர ஊனத்துக்கு உதவி இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் நாரஹேன்பிட்டியில் உள்ளது. கிருலப்பனைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதியில் பொரளைப் பக்கம் போகும்போது வரும் இடம் அது. ஆனாலும் முதல் விசாரிப்புக்கே கொழும்புக்கு பஸ் ஏற வேண்டாம். உங்கள் மாவட்டத் தொழில் காரியாலயத்தில் முதலில் கேளுங்கள்.

3. தனியார் காப்புறுதிக் கம்பனி. மாதாமாதம் பணம் கட்டி எடுத்த ஆயுள் காப்புறுதியில் "நிரந்தர ஊனம்" என்று ஒரு பகுதி இருக்கலாம். கம்பனி மறுத்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அதன் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கடைசியில் சிவில் கோர்ட்டு இருக்கிறது.

மேன்முறையீடு வேறு, எழுத்தாணை வேறு

நட்டஈட்டு ஆணையாளரின் கட்டளை சட்டப்படி பிழை என்றால் அதை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இதற்குரிய தவணை குறுகியது. ஆகவே கட்டளை கைக்குக் கிடைத்த அன்றே சட்டத்தரணியைத் தேட வேண்டும்.

அரசாங்க நிறுவனம் ஒன்று நியாயம் இல்லாமல் மறுத்தால் "ரிட்" என்று சொல்லப்படும் எழுத்தாணை கேட்கலாம். அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. எழுத்தாணை வழக்கில் நீதிபதி, "இந்த ஆளுக்கு நான் பணம் கொடுத்திருப்பேனா?" என்று யோசிப்பதில்லை. "முடிவு எடுத்தவர் சட்டப்படி எடுத்தாரா?" என்றுதான் பார்ப்பார். வென்றாலும் பல வேளைகளில் அன்றே பணம் கைக்கு வராது. "பழைய முடிவு செல்லாது, திரும்ப ஒழுங்காகப் பாருங்கள்" என்று கட்டளை வரும். இதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நீதிபதி கேட்கும் கேள்விகள்

எந்த நாட்டிலானாலும் இப்படிப்பட்ட வழக்கில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மூன்று.

ஒன்று: மறுத்ததற்குக் காரணம் சொன்னார்களா? காரணம் இல்லாத முடிவைச் சரியா பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 35ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அரச அதிகாரி ஒருவருடைய முடிவு நம்மைப் பாதித்தால், நாம் கேட்கும்போது அதற்கான காரணத்தை அவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதே சட்டத்தின் கீழ் நம் கோவையில் உள்ள வைத்திய அறிக்கையின் பிரதியையும் கேட்கலாம். "ஏன் கேக்குறீங்க?" என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அது அரசியலமைப்பு கொடுத்த உரிமை.

இரண்டு: எல்லாச் சான்றையும் பார்த்தார்களா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பனியில் வேலை செய்த பெண் ஒருவருக்கு இருதய நோய் வந்தது. அவருடைய ஊனக் காப்புறுதியைப் பார்த்தது மெட்லைஃப் கம்பனி. பணம் கொடுக்க வேண்டியதும் அதுவே, தகுதி உண்டா இல்லையா என்று சொல்வதும் அதுவே. கம்பனி முதல் 24 மாதத்துக்குப் பணம் கொடுத்தது. "என்னால் எந்த வேலையும் முடியாது என்று அரசாங்க உதவியும் கேளுங்கள்" என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னது. அரசாங்கமும் கொடுத்தது. பிறகு அதே கம்பனி, "உங்களால் உட்கார்ந்து செய்யும் வேலை முடியும்" என்று சொல்லித் தொடர்ந்து கொடுக்க மறுத்தது. தனக்குச் சாதகமான ஒரு வைத்திய அறிக்கையைப் பெரிதாக எடுத்து, மற்ற அறிக்கைகளைப் பின்னுக்குத் தள்ளியது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. பணம் கொடுப்பவரே தகுதியையும் தீர்மானிக்கும்போது, அந்தச் சுயலாபத்தையும் கணக்கில் எடுத்தே அவர் முடிவைப் பார்க்க வேண்டும் என்றது. அந்தப் பெண் வென்றது எதனால்? மற்ற வைத்தியர்களின் அறிக்கைகளும் கோவையில் இருந்ததனால். கோவையில் இல்லாத அறிக்கையை "ஏன் பார்க்கவில்லை?" என்று எந்த நீதிபதியும் கேட்க முடியாது.

மூன்று: சரியான கேள்வியைக் கேட்டார்களா? இது நமக்கு மிக முக்கியம். இந்தியாவில் ஒடிசா மாநிலத்து ஜெய்ப்பூரில், 1968 ஜூலையில், சினிமா மண்டபம் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு கைதானே போனது, இது பகுதி ஊனம்" என்றார் முதலாளி. ஆணையாளரோ, தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று 9,800 ரூபா கொடுக்கச் சொன்னார். முதலாளி மேலே மேலே போனார். 1975 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையாளர் சொன்னதே சரி என்றது. விபத்து நடந்த நாளிலிருந்தே பணம் கொடுக்கும் கடமை தொடங்கிவிட்டது, தாமதித்ததற்கு வட்டியும் தண்டமும் சரி என்றும் சொன்னது. இந்தியத் தீர்ப்பு நமது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இரண்டு நாட்டுச் சட்டமும் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் சட்டத்தரணி இதை எடுத்துக் காட்டலாம்.

நம் மலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மழை நாளில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டார். கை இருக்கிறது, கால் இருக்கிறது, விரல் ஒன்றும் போகவில்லை. வைத்தியச் சான்றில் "நாரி வலி, நடக்கிறார்" என்று மட்டும் இருக்கிறது. அதைப் படிக்கும் அதிகாரி, "நடக்கிறாரே, ஊனம் எங்கே?" என்று மறுத்துவிடுவார். கோர்ட்டுக்குப் போனாலும் கோவையில் அதே வரிதான் இருக்கும்.

அந்தச் சான்றில் இப்படி இருந்தால்? "இவர் சரிவான மலையில் நின்று, தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமக்கும் வேலை செய்தவர். குனியவோ பாரம் சுமக்கவோ சரிவில் ஏறவோ இனி முடியாது." இப்போது கேள்வியே மாறிவிடுகிறது. "நடக்கிறாரா?" என்பது போய், "அவர் செய்துவந்த வேலையைச் செய்ய முடியுமா?" என்று வந்துவிடுகிறது. வைத்தியர் மலையேறிக் கொழுந்து பறித்தவர் அல்ல. நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வெட்கப்படாமல் சொல்லுங்கள். கவ்வாத்து வெட்டுபவரும் ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவரும் தங்கள் வேலை எப்படிப்பட்டது என்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை

1. அடிபட்ட அன்றே கங்காணிக்கும் காரியாலயத்துக்கும் சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுத்துப் பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

2. பக்கத்தில் நின்றவர்கள் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

3. தோட்ட டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரி டிக்கட், எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோ பிரதி கொடுங்கள்.

4. விளங்காத மொழியில் உள்ள கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். "கொஞ்சம் காசு தாறம், இதோட முடிச்சிக்குவோம்" என்றால், படித்த பிள்ளை ஒன்றிடமோ சங்கத்திலோ காட்டிவிட்டு முடிவு எடுங்கள்.

5. மறுப்புக் கடிதம் வந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள். கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தவணையைக் கணக்குப் பார்க்கும்போது அது உதவும்.

6. சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்று நின்றுவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. அதன் நிலையங்கள் பல ஊர்களில் கோர்ட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன.

உறவுகளே, அந்தத் தச்சருக்குக் கடைசித் தீர்ப்பு வர ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏழு வருஷம் கழித்தும் அவருடைய வழக்கு நின்றதென்றால், அவர் என்ன வேலை செய்தவர், இனி எதைச் செய்ய முடியாது என்ற விபரம் முதல் விசாரணையிலேயே கோவையில் ஏறியிருந்ததுதான் காரணம். உங்கள் லயத்தில் அடிபட்டு உட்கார்ந்திருப்பவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த கடிதம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரணம் இல்லையென்றால், அதைக் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.