வில்ஸ் காரணி

இரத்தசோகை ஏன் வருகிறது என்று கேட்டால், இரும்புச் சத்துக் குறைவால் என்று உடனே கூறிவிடுவீர்கள். விடை சரிதான், ஆனால் முழு விடை அன்று. இரும்பு குறைந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். 1920-களில் பம்பாயில் கருவுற்ற பெண்கள் பலரின் உயிரைக் குடித்த சோகையிலோ நிலைமை நேர்மாறு. அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தன. இருந்தவை வழக்கத்தைவிடப் பெருத்துக் காணப்பட்டன.

இந்தப் புதிரை ஆராய 1928-இல் இங்கிலாந்திலிருந்து வந்தார் டாக்டர் லூசி வில்ஸ் (1888–1964). கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, அதன் பின்னரே லண்டனில் மருத்துவம் கற்று 1920-இல் தேறியவர். பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திலும், நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்தார்.

நோயாளிகள் என்ன உண்கிறார்கள் என்று அம்மையார் கவனித்தார். மிகக் குறைந்த ஊட்டம் பெற்ற ஏழை முஸ்லிம் பெண்களிடமே இந்நோய் அதிகம் என்பது புலனாயிற்று. அதே உணவைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தபோது வரவில்லை. வெற்றி என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! எலிகளின் மேல் பேன் இருந்தது. அது பரப்பிய கிருமியும் இரத்தத்தைக் கெடுக்கக் கூடியது. எது உணவின் விளைவு, எது கிருமியின் விளைவு என்று பிரித்தறிய முடியாமற் போயிற்று. எனவே ரீசஸ் குரங்குகளைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

குரங்குகளிலும் நோயாளிகளிலும் பலன் தந்தது, பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்னும் கரிய குழம்பு. பலன் கிடைத்ததை எப்படி அறிவது? எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ் சிவப்பணுக்களுக்குச் சாயம் ஏற்றினால் உள்ளே வலைப்பின்னல் போன்ற அமைப்புத் தெரியும். மருந்து பிடித்துவிட்டால் சில நாட்களிலேயே இவற்றின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். அம்மையாரின் முடிவுகள் 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது? அணுக்கள் பெருக்கும் வேறொரு கொடிய சோகை ஈரலை உண்டால் குணமாகும் என்பது 1926 முதலே தெரிந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்துதானோ என்று எவரும் ஐயுறுவர். ஆனால், அச்சோகையைத் தீர்த்த தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு, அம்மையாரின் நோயாளிகளிடம் பயன்படவில்லை; தூய்மையாக்காத ஈரல் சாறு பயன்பட்டது. அப்படியானால் தூய்மையாக்கும்போது ஏதோ ஒன்று வெளியேறிவிடுகிறது! மருந்து தோற்ற இந்த இடம்தான், என் கருத்தில், அவருடைய ஆராய்ச்சியின் உச்சம். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை 1937, 1938-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார். பெயர் தெரியாத அப்பொருள் 'வில்ஸ் காரணி' எனப்பட்டது.

பௌதிகம் படிப்பவர்களுக்கு நெப்டியூன் நினைவுக்கு வரும். யுரேனஸின் ஓட்டத்தில் கண்ட பிசகைக் கொண்டே அதன் இடத்தைக் கணக்கிட்டு, 1846-இல் தொலைநோக்கியைத் திருப்பிய இரவே கண்டுபிடித்தார்கள். வில்ஸ் காரணிக்கு அவ்வளவு விரைவில் யோகம் அடிக்கவில்லை. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலையினக் கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இலைக்கு லத்தீன் மொழியில் ஃபோலியம் என்று பெயராதலால் அது ஃபோலிக் அமிலம் ஆயிற்று. பி தொகுதியைச் சேர்ந்த வைட்டமின் அது. 1945-இல் லெடர்லே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக ஆக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்! ஈரல் சாற்றில் இருந்த மற்றப் பொருளாகிய வைட்டமின் பி-12, 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டில் எது குறைந்தாலும் அணுக்கள் ஏன் பெருக்கின்றன? மஜ்ஜையில் ஓர் அணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை; அதைப் பயன்படும் நிலையில் வைத்திருக்க பி-12 தேவை. குறைந்தால் அணு வளர்கிறது, ஆனால் உரிய வேளையில் பிரிவதில்லை. கருவில் குழந்தை வளரும்போது அணுப்பிரிவு மிகுதி. ஆகவே தாய்க்கே பற்றாக்குறை முதலில் வருகிறது.

நுண்ணோக்கியில் இரண்டு சோகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். இதில் ஓர் அபாயம் உண்டு. பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்புகளோ தொடர்ந்து பழுதடையும். மருத்துவர்கள் இரண்டையும் அளந்து பார்ப்பது இதனால்தான்.

அம்மையார் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, கருவுறுமுன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் சிசுவின் தண்டுவடக் குறைபாடுகள் பெரும்பாலும் தவிர்க்கப்படும் என்று காட்டியது. கீரை, பயறு, கடலை ஆகியவற்றில் இச்சத்து உண்டு. நீரில் கரைவதால், கீரையை வேகவைத்த நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கும் நீல மாத்திரையை அறிவீர்கள். அதில் இரும்பு 60 மில்லிகிராம். அதனுடன் 500 மைக்ரோகிராம், அதாவது இரும்பின் 120-இல் ஒரு பங்கு எடையில், வில்ஸ் காரணியும் இருக்கிறது.