ஐசியூ வாசலில் இருக்கும் மருமகளுக்கு

பாஞ்சாலங்குறிச்சி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் அப்பாவுக்கு, என் அண்ணனுக்கு, காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மூச்சுக்காக வைத்த குழாயை எப்போது எடுப்பது என்பதை இன்னும் இரண்டு மூன்று நாள் பார்த்துத்தான் சொல்வார்களாம் என்று மாமா சொன்னார். அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ கண்ணாடிக் கதவையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அந்த இரும்பு நாற்காலியிலேயே கிடக்கிறாய், சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் அண்ணன் களத்தில் விழுந்து கிடந்ததுதான் வருகிறது என்று மதினி அழுகிறாள். இப்படியே போனால் அண்ணன் கண் விழிக்கிற நேரத்தில் நீ படுத்துவிடுவாய். கோபத்தில் சொல்லவில்லை, தாயி. பயமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கையில் ஒரு பின்னல் வேலையை எடு, மடியில் ஒரு புத்தகத்தை வை. கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். மாமா கொண்டுவரும் பையில் கூடை பின்னும் ஒயர்க் கட்டும் கத்தரியும் இரண்டு புத்தகமும் ஏற்கெனவே வைத்துவிட்டேன்.

நம் வீடுகளில் ஒருவர் படுத்துவிட்டால் முன்பெல்லாம் எல்லார் கைக்கும் வேலை இருந்தது. கஞ்சி காய்ச்ச ஒருத்தி, கஷாயம் இறக்க ஒருத்தி, ஒத்தடம் கொடுக்க, விசிறி வீச, புரட்டிப் படுக்கவைக்க என்று ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். அந்த வேலை படுத்திருந்தவரைத் தேற்றியதோ இல்லையோ, செய்தவர்களைத் தேற்றியது. இன்றைக்கு அத்தனையையும் கதவுக்கு அந்தப் பக்கம் நர்சுகளும் மெஷின்களும் பார்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான், அண்ணன் இன்றைக்கு மூச்சு விடுவதே அதனால்தான். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு, சீட்டை வாங்கிக்கொண்டு பார்மசிக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை மிஞ்சவில்லை. உடம்பு சும்மா கிடக்கிறது, மனசு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைக் கவனித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் நோயாளிப் பராமரிப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். தையலோ எழுத்தோ துப்புரவோ, கையால் செய்ய ஏதாவது ஒன்று முடிந்தால் படுக்கையில் கிடப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்கிறார். அதோடு நிற்கவில்லை. கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அந்த ஆறுதல் அவர்கள் அறியாமலே தினமும் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஐசியூ வாசலில் அந்த ஆறுதல் உனக்கும் பறிபோய்விட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கூடை பின்னினால் பயம் போய்விடுமா என்று கேட்பாய். போகாது. பயம் வந்து உட்காரும் இடம் குறையும். களத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்கிறாயே, மனசில் படம் ஓடுகிற அந்த இடம் அளவானது. ஒரே நேரத்தில் இரண்டு படத்தை அது தாங்காது. இதை வைத்து ஆக்ஸ்போர்டில் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. சாலை விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு, விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் என்ற விளையாட்டைக் கொடுத்தார்கள். மேலிருந்து இறங்கும் கட்டைகளைத் திருப்பிப் பொருத்துகிற விளையாட்டு அது. அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சி தானாக வந்து மோதுவது மற்றவர்களைவிட அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அந்தச் சோதனை கூடையை வைத்து நடந்ததல்ல. ஆனால் ஒயரில் உன் கண்ணும் கையும் செய்வதும் அதே இனத்து வேலைதான். வெட்டிய ஒயரை மடித்து, ரன்னிங் ஒயரை அதன்மேல் வளைத்து, நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுக்கும்போது விரல் நுனியில் சின்னதாக ஒரு வழுக்கல் தெரியும். பிறகு முடிச்சு இறுகும். உடனே கண் அடுத்த ஒயரைத் தேடிப் போய்விடும். ஒரு வரிசையில் இழுப்பு தளர்ந்தால் கூடை அந்தப் பக்கம் சாயும் என்பதால் மனசு அங்கேயே நின்றாக வேண்டும். 2013-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், உல்லன் பின்னுகிற 3,545 பேரில் அடிக்கடி பின்னுகிறவர்கள் மனசு அமைதிப்படுவதாக அதிகம் சொன்னார்கள். பின்னுகிறவர்களையே கேட்டால் நல்லதாகத்தானே சொல்வார்கள் என்று நீ மடக்கலாம். சரியான கேள்விதான், அதை நிரூபணம் என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. ஒன்று மட்டும் கேள்: இந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போகாதே. உல்லன் ஊசி, குரோஷா எல்லாம் பிறகு. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று சிக்கலானதும் வேண்டாம். கை பழகிய சாதா முடிச்சே போதும்.

இனி நம் ஆட்கள் பேச்சுக்கு வருகிறேன். அப்பன் உயிருக்குப் போராடுகிறான், மகள் கூடை முடைகிறாள் என்பார்கள். என்பார்கள் என்ன, சொல்லியே தீர்வார்கள். உன் பெரியம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியது இதே வாய்கள்தான். நாலு பேர் பார்க்க அழவில்லை என்பதைத் தவிர அவள் செய்த குற்றம் என்ன? நான் அதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நம் வீட்டு ஆண்கள் பேப்பர் படிக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், பீடி பற்றவைக்கிறார்கள். மனசு ஆற வேண்டாமா, பாவம் என்கிறோம். ஆறட்டும். அதே ஆறுதலை நாற்காலியில் இருக்கிற பெண் தேடினால் மட்டும் அது எப்படி நெஞ்சழுத்தம் ஆகும்? கோவில்பட்டிப் பக்கம் பெண்கள் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினார்கள், குச்சி அடுக்கினார்கள்; வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றாலும் கை நின்றதில்லை, ஒருத்தரும் குறை சொன்னதில்லை. தெற்கே இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலை இன்றும் பெருமையாகத்தான் பேசுகிறோம். பெண்ணின் கைவேலை கூலி கொண்டுவந்தால் உழைப்பு, அவளுக்கே ஆறுதல் கொண்டுவந்தால் அலட்சியம். இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை, நீயும் ஒப்புக்கொள்ளாதே.

அழுகைதான் பாசம் என்று யாராவது வந்தால் நம் ஊர் நடப்பையே பதிலாகச் சொல். 1801 மே மாதம் கோட்டை விழுந்தபோது, தன் மகனைத் தேடிச் சண்டை நடந்த இடத்துக்குப் போனாள் ஒரு தாய். உயிர் ஊசலாடிய மகன் தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயப்பட்டுக் கிடந்த கோட்டைத் தலைவர் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும், வீட்டுப் பெண்கள் அவரைத் துணியால் மூடி, பிள்ளை அம்மையில் போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடினார்கள். எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். ஒப்பாரி வெளியே கேட்டது. உயிரைக் காப்பாற்றியது உள்ளே கலங்காமல் இருந்த புத்தி. உனக்கும் இப்போது வேண்டியது அதுதான். டாக்டர் வெளியே வந்து ஐந்து நிமிஷம் பேசுவார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா, முன்னால் என்ன ஆபரேஷன் என்று கேட்பார், கையெழுத்து கேட்பார். ராத்திரியெல்லாம் பதறிக் களைத்த மூளைக்கு அதில் பாதிகூட ஏறாது.

புத்தகத்துக்கும் ஒரு தடை சொல்வாய்: ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை என்று. பதற்றத்தில் புதிய புத்தகம் ஏறாது, படித்ததே ஏறும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே இப்போது ஒரு தெம்பு. அதனால்தான் கி.ரா. கதைகளையும் கு. அழகிரிசாமி கதைகளையும் வைத்தேன். இரண்டு பேரும் இடைசெவல்காரர்கள், 1923-இல் பிறந்தவர்கள். அவர்கள் எழுதிய கரிசலும் வெயிலும் பேச்சும் உனக்குப் புதிதல்ல. ‘கதவு’, ‘ராஜா வந்திருக்கிறார்’ இரண்டும் ஒரே மூச்சில் முடிகிறவை. மதினி பக்கத்தில் இருந்தால் சத்தமாக வாசி, அவளும் கேட்கட்டும். உன்னிடம் இருக்கும் புதுமைப்பித்தன் தொகுப்பில் ‘செல்லம்மாள்’ மட்டும் இப்போது வேண்டாம். அண்ணன் வீடு வந்து சேர்ந்த பிறகு படி. புத்தகம் பிடிப்பது வீட்டை மறப்பது என்று நினைக்கிறவர்கள் பக்கத்து ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யை நினைத்துப் பார்க்கட்டும். 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அந்தச் செய்தியின் அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதர் ஜேம்ஸ் ஆலனின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தமிழாக்கினார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1909-இல் ‘மனம்போல வாழ்வு’ வெளிவந்தது. வீட்டை மறந்தா எழுதினார்? அவர் பெரிய மனிதர், நான் யார் என்று சொல்லாதே. நொந்துபோன மனசு பெரிய மனிதருக்கும் நமக்கும் ஒன்றுதான்.

டெட்ரிஸ் போனிலேயே இருக்கிறதே, கூடை எதற்கு என்றும் கேட்கலாம். போன் விளையாட்டோடு நிற்பதில்லை, தாயி. நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பத்து பேர் என்னாச்சு என்பார்கள். ஒருவர் வென்டிலேட்டர் வீடியோ அனுப்புவார். நீயே அந்த வியாதியின் பெயரைப் போட்டுத் தேடுவாய், அது உன்னை இன்னும் ஆழத்தில் தள்ளும். காலையில் ஒரு வரி, சாயங்காலம் ஒரு வரி குரூப்பில் போட்டுவிட்டு ஹேண்ட்பேக்கில் வைத்துவிடு, ரிங் மட்டும் சத்தமாக இருக்கட்டும். கூடை பின்னும்போது காது உன்னுடையது. நர்ஸ் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும். ஒரு சின்ன நோட்டும் வைத்திருக்கிறேன். டாக்டர் சொல்வதையும் நீ கேட்க வேண்டியதையும் அதில் எழுது.

நிறையச் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், ராசாத்தி. கூடையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம் என்றால் பையை அப்படியே வைத்துவிடு, அத்தை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அழ வேண்டும் போலிருந்தால் அழு. அழுகை தப்பென்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இத்தனை பேர் இருந்தும் அண்ணன் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்பதால்தான் எனக்கு இங்கே மூச்சு வருகிறது. உன்னைப் பெற்றதற்கு அவர் என்ன புண்ணியம் செய்தாரோ, உன்னை மருமகளே என்று கூப்பிட நானும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மதினிக்கு சுகர் மாத்திரையை நேரத்துக்குக் கொடு. டிபன் பாக்ஸில் இட்லியும் எள்ளுப்பொடியும், தனியாகக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இருக்கிறது. முதலில் அதைச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வந்துவிடுவேன். அன்றைக்கு ராத்திரி பாஸ் என்னிடம் இருக்கட்டும், நீ ரூமுக்குப் போய்த் தூங்கு.

இப்படிக்கு,
உன் டீச்சர் அத்தை