அலுமினியச் சிலிண்டருக்கு இரும்புக் காலத்து வைத்தியம்

டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைத் தூக்கி மேசைமேல் வைத்ததும் பட்டறையில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் இதுதான்: "ஒரு ஹோனிங் போட்டுடலாம்ணே." பிஸ்டன் மாற்றினால் ஹோனிங், ரிங் மாற்றினால் ஹோனிங், சுவரில் கோடு தெரிந்தாலும் ஹோனிங். அளவெடுத்துப் பார்ப்போமா என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வரும்.

இந்தப் பழக்கத்துக்கு நியாயமான பூர்வீகம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் டூ-ஸ்ட்ரோக் வேலையைக் கற்றது யமஹா ஆர்எக்ஸ் 100-இல். 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சி.சி. அதன் உள்சுவர் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் 0.25, அடுத்த முறை 0.50 என்று ஓவர்சைஸ் போர் அடிப்பார்கள். அதற்கேற்ற பிஸ்டன் கிட் வாங்கி, கடைசியில் கல்லை விட்டு ஹோனிங் செய்வார்கள். இரும்புக்கு அது சரியான வைத்தியம். சிக்கல், அதே கையோடு மோட்டோகிராஸ் பைக்கின் பிளாக்கைத் தொடும்போது தொடங்குகிறது.

யமஹா ஒய்இசட் 125-ஐ எடுத்துக்கொள்வோம். 54 மி.மீ. போர், 54.5 மி.மீ. ஸ்ட்ரோக். அதன் பிளாக்கில் லைனரே கிடையாது. அலுமினியத்தின் மேல் நேரடியாக நிக்கல் முலாம், அந்த நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்கள். இந்த வகை முலாமுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் நிக்கசில். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் வாங்கெல் ரோட்டரி என்ஜின்களுக்காக உருவாக்கியது. பின்னர் போர்ஷே அதைப் பந்தயக் கார்களில் பயன்படுத்தியது. 1973-இன் 911 கரேரா ஆர்எஸ் காரில் போரை 90 மி.மீ. வரை பெரிதாக்க முடிந்ததற்கும் தடித்த லைனர் தேவைப்படாத இந்த முலாமே காரணம். கனமில்லாமல் வேகமாகச் சூட்டைக் கடத்தும் சுவர் என்பதால் மோட்டோகிராஸ் உலகமும் அதைப் பற்றிக்கொண்டது.

எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் சின்னக் காந்தம் ஒன்று போதும். இரும்பு லைனர் என்றால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். முலாம் என்றால் பிடிப்பு இருக்காது, இருந்தாலும் மெலிதாகத்தான் இருக்கும். நிக்கலும் காந்தத்துக்கு மசியும் உலோகம்தான், ஆனால் இங்கே இருப்பது வெறும் ஏடு.

எவ்வளவு மெல்லிய ஏடு? ஏறத்தாழ 0.07 மி.மீ. இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் "தேஞ்சு போச்சுன்னா ஒரு சைஸ் போர் அடிச்சுக்கலாம்" என்ற நம்பிக்கை அங்கேயே விழுந்துவிடும். 0.25 ஓவர்சைஸ் என்றால் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் 0.125 மி.மீ. போகும். லேத்தின் டூல் முலாமைத் தாண்டி அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். அதன்மேல் புது பிஸ்டன் ஓட ஆரம்பித்தால் அலுமினியத்தோடு அலுமினியம் உரசி, சீஸ் ஆக வெகுநேரம் பிடிக்காது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் புழக்கத்தில் இருக்கிறது: "நிக்கசிலைத் தொடவே கூடாது, அது தேயவே தேயாது." இதுவும் பாதிதான் சரி. சிலிக்கான் கார்பைடு வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் கடினப் பொருள் என்பது உண்மை. தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் பல பிஸ்டன்கள் மாறிய பிறகும் சில சிலிண்டர்களில் அப்படியே தெரியும். ஆனாலும் நிக்கசிலுக்கும் பலவீனங்கள் உண்டு. 1990-களில் பிஎம்டபிள்யூவின் வி8 என்ஜின்கள் கந்தகம் மிகுந்த பெட்ரோலில் ஓடி நிக்கசில் சுவர் அரிக்கப்பட்டு, பிளாக்கையே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தன. டர்ட் பைக்கில் எதிரி கந்தகமல்ல, மண். ஏர் ஃபில்டரில் எண்ணெய் காய்ந்துபோனால், அல்லது ஃபில்டரின் ஓரம் சரியாக உட்காராவிட்டால், நுண்மணல் உள்ளே போய் பிஸ்டனின் இன்டேக் பக்கத்தை மங்கலாகத் தேய்த்துவிடும். பிளாக்கைப் பார்ப்பதற்கு முன் பழைய பிஸ்டனின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.

இனி, அதிகம் பேரை ஏமாற்றும் விஷயம்: சுவரில் செங்குத்தாக ஓடும் கோடு.

சீஸ் ஆன சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். பார்த்தவுடன் "கீறிப் போச்சு, பிளாக் அவுட்" என்ற தீர்ப்பு வந்துவிடும். விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் பள்ளத்தில் இறங்குகிறதா, மேட்டில் ஏறுகிறதா? பல நேரம் ஏறும். அது கீறலல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். முலாம் அதற்குக் கீழே பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. இரும்புச் சுவரில் இதே அலுமினியம் ஒட்டினால் கல்லை வைத்து அராவி எடுத்துவிடுவார்கள். முலாமில் அப்படிச் செய்தால் கல் அலுமினிய மேட்டில் துள்ளி, பக்கத்தில் உள்ள நல்ல சுவரைத் தின்னும்.

அலுமினியத்தை எடுக்க ரசாயனம்தான் வழி. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், நிக்கலை விட்டுவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவோரும் உண்டு. பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை நின்றால் அங்கே அலுமினியம் தீர்ந்தது என்று பொருள். நிற்காமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம்: முலாம் உடைந்து, பிளாக்கின் சொந்த அலுமினியமே கரைகிறது. போர்ட்டுக்குள் ஒரு சொட்டு வழிந்தாலும் அங்கேயும் அரிக்கும், முலாமின் விளிம்பு அடியிலிருந்து கழன்றுவரும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. வெளிவரும் வாயு ஹைட்ரஜன், அருகே பீடி பிடித்துக்கொண்டு நிற்பதும் ஆகாது.

நகம் பள்ளத்தில் இறங்கினால், போர்ட் விளிம்பில் முலாம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால், அல்லது வெள்ளை அலுமினியம் வெளியே தெரிந்தால் எந்த ஹோனிங்கும் காப்பாற்றாது.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சிலிண்டரும் அளவில் கெட்டிருக்கலாம். "கோடு தெரியுது, அப்போ பிளாக் நல்லாத்தான் இருக்கு" என்பது பலரும் விரும்பி நம்பும் வாக்கியம். வட்டம் கெட்டிருக்கிறதா, மேலும் கீழும் அளவு மாறுகிறதா என்பதைக் கோடு சொல்லாது. வெர்னியரும் சொல்லாது. அதன் தாடை எட்டுவது சிலிண்டரின் மேல்விளிம்பை மட்டும்தான், ரிங் ஓடாத இடம் அது. போர் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், பிஸ்டன் பின் வாக்கிலும் அதற்குச் செங்குத்தாகவும் பார்க்க வேண்டும். ஒய்இசட் 125-க்கு யமஹாவின் சர்வீஸ் மேனுவல் டேப்பருக்கு 0.05 மி.மீ., வட்டம் கெடுவதற்கு 0.01 மி.மீ. என்று எல்லை போடுகிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே புதிதில் இருக்க வேண்டியது 0.040 முதல் 0.045 மி.மீ., எல்லை 0.1.

ஒரு கணக்கு: சுவர் 54.02, கழற்றிய பிஸ்டன் 53.92. இடைவெளி 0.10, எல்லையைத் தொட்டாகிவிட்டது. பிளாக்கின்மேல் பழி விழும். ஆனால் புது பிஸ்டன் 53.96 என்றால் அதே சுவரில் இடைவெளி 0.06. தேய்ந்தது பிஸ்டன்தான். மீதியையும் சரிக்கட்ட ஏ, பி, சி என்று நூலிழை வித்தியாசத்தில் பிஸ்டன்கள் விற்கின்றன. 'ஏ' போட்ட இடத்தில் அடுத்த முறை 'பி' போடுவதற்கு லேத்தே தேவையில்லை. பிஸ்டனை மைக்ரோமீட்டரில் எங்கே அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தலைப்பக்கம் குறுகி, கீழ்ப்பக்கம் அகன்று, லேசான நீள்வட்டமாகத்தான் அதைச் செய்கிறார்கள். பின்னுக்குச் செங்குத்தாக, மேனுவல் சொல்லும் உயரத்தில் அளந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

போர் கேஜ் இல்லாத பட்டறைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. புது ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பது. போர் 0.05 மி.மீ. பெருத்தால் ரிங் இடைவெளி அதன் 3.14 மடங்கு, சுமார் 0.16 மி.மீ. கூடும். தேய்மானத்தைப் பெரிதாக்கிக் காட்டும் இலவசக் கருவி இது. வட்டம் கெட்டதை மட்டும் இது காட்டிக்கொடுக்காது.

அளவு சரி, முலாம் சரி என்று தெரிந்த பிறகுதான் ஹோனிங்கின் முறை. அப்போதும் அதன் வேலை சிறியது: எரிந்த எண்ணெய் படிந்து கண்ணாடிபோல் மினுங்கும் மெழுகை நீக்கி, பழைய கோடுகளின் வாயைத் திறந்துவிடுவது. "நல்லா மினுமினுன்னு இருக்கு" என்று பாராட்டப்படும் சுவரில் எண்ணெய் தங்காது, புது ரிங்கும் படியாது. மூன்று கால் கொண்ட ஸ்பிரிங் ஹோன் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகவே ஆகாது. போர்ட்டைக் கடக்கும்போதெல்லாம் கல் ஓட்டைக்குள் விழுந்து விளிம்பை முட்டும். தண்டைச் சுற்றி உருண்டை உருண்டையாகக் கற்கள் கோத்த பால் ஹோன்தான் பொருந்தும். எண்ணெய் தாராளமாக விட்டு, சுழன்றுகொண்டே உள்ளே நுழைந்து, சுழன்றுகொண்டே வெளியே வர வேண்டும். சில நொடிகள் போதும். பால் ஹோன் சுவரின் வளைவைப் பின்பற்றிப் போகுமே தவிர, கெட்ட வட்டத்தைச் சரிசெய்யாது. அளவைத் திருத்த வேண்டுமென்றால் வைரக்கல் ஹோனிங் எந்திரம் வேண்டும். முலாம் நல்ல நிலையில் இருந்தால் மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட்டைக் கையால் சாய்வாகத் தேய்த்தே பலர் முடித்துவிடுகிறார்கள், அதில் தவறில்லை. எமரி பேப்பரை மேலும் கீழுமாக இழுப்பதுதான் தவறு. செங்குத்துக் கோடுகள் காற்று கசியும் வழியாகிவிடும்.

"பெட்ரோல் ஊத்திக் கழுவியாச்சு" என்ற வாக்கியத்தோடு மூடப்பட்ட பிளாக்குகளுக்குக் கணக்கே இருக்காது. பெட்ரோல் எண்ணெயைக் கரைத்து ஓடும், கல்தூளைக் கோடுகளுக்குள்ளேயே படியவிட்டுப் போகும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும்தான் அதைத் தூக்கி வெளியே எடுக்கும். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வரக்கூடாது. வந்தால் மறுபடி சோப்பு. இரும்பு லைனர் என்றால் ஈரம் துடைத்த கையோடு எண்ணெய் பூச வேண்டும், துரு நிமிடக் கணக்கில் வந்துவிடும்.

முலாம் உடைந்த பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய முலாமை உரித்து, பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்பி, புது நிக்கசில் பூசி, வைரக்கல்லால் ஹோன் செய்து கொடுக்கும் கடைகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து வரும்போது போர் மறுபடி 54 மி.மீ.தான், ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு வேலையில்லை. அனுப்பும்போது பிளாக்கோடு போடப்போகும் புது பிஸ்டனையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது நல்லது. அதன் உண்மையான அளவை வைத்து இடைவெளி விட்டு ஹோன் செய்வார்கள்.