குறை சொல்லும் பேனா

கேள்வி: காரைக் குறை சொல்லியே எழுதும் பத்திரிகையாளரால் யாருக்கு என்ன நன்மை?
- வாசகர், ராஜபாளையம்

பதில்: உயிர் பிழைப்பவர்களுக்கு நன்மை. 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகையாளர் ராபர்ட் கொலின், குறுக்கே மான் வந்தால் ஒடித்துத் திருப்புவதுபோலப் புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸை ஓட்டிப் பார்த்தார், கார் கவிழ்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஆடு குறுக்கே பாய்ந்தால் நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் அப்படித்தானே! நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு விற்பனையை நிறுத்திவைத்து, சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்துச் சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.பி. வசதியை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்த்தது. ஒரே சோதனையை வைத்து ஒரு கம்பெனியின் பெயரைக் கெடுக்கலாமா என்று கேட்பார்கள். மறைத்திருந்தால் பெயர் தப்பியிருக்கும், வாங்கியவர் கதி? விளம்பரம் தருபவரைப் பகைத்துக்கொண்டு எழுதத் துணிவு வேண்டும். கொலினை நன்றியோடு நினைக்கிறேன். அடுத்த கார் வாங்கும்போது, மைலேஜுக்கு முன்னால் இ.எஸ்.பி. உண்டா என்று கேளுங்கள்.